ரூல்புக்கின் எர்ராட்டாவே, அதாவது பிழைதிருத்தப் பட்டியலே, தனிப் புத்தகம் ஆகிவிடும் போலிருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெள்ளிராத்திரி ஜிஎம்:

முதலில் கொஞ்சம் புலம்பல், அப்புறம் கேள்வி.

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிற கதை ஆட்டம், அதாவது ஆர்பிஜி) ஆடி ஆடி அலுத்துப்போய், எங்கள் குழு ஒரு விண்வெளித் திகில் ஆட்டத்துக்கு மாறியிருக்கிறது. கைவிடப்பட்ட கப்பல்களில் ஏறிப் பழைய இரும்பு பொறுக்கும் கூட்டம்தான் நாயகர்கள். கூட்டுநிதியில் வந்த புத்தகம். பெயர் சொல்ல மாட்டேன். வெளியிட்டவர்கள் சின்ன ஆட்கள், எழுதிக் கேட்டால் மரியாதையாகப் பதில் போடுகிறார்கள். ஓவியம், தாள், அட்டை எல்லாம் பிரமாதம். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்க அருமையான புத்தகம். ஆட்டத்தின் நடுவில் திறந்தால்தான் வயிறு எரிகிறது.

போன செஷனில் ஒருவருடைய ஹெல்மெட் உடைந்தது. காற்றில்லாத அறை. “மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவு வரைக்கும் ஓடுகிறேன், எத்தனை ரவுண்டு தாங்கும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மாதிரி ஆட்டத்தில் எவனாவது ஒருவன் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி. காயங்கள் அத்தியாயத்தைப் புரட்டினால், “மூச்சுத்திணறலுக்குப் பக்கம் 00 பார்க்க” என்று போட்டிருக்கிறது. ஆமாம், பூஜ்யம் பூஜ்யம்.

சரி என்று இண்டெக்ஸுக்குப் போனேன். மூச்சு என்ற இடத்தில் “வெற்றிடம் பார்க்க”. வெற்றிடத்தில் “சூழல் ஆபத்துகள் பார்க்க”. தாலுகா ஆபீஸில் ஒவ்வொரு ஜன்னலாக அனுப்புவார்களே, அதேதான். சூழல் ஆபத்துகளுக்கு ஒருவழியாக ஒரு பக்க எண் இருந்தது. அது அத்தியாயத்தின் முதல் பக்கம், அதில் இருப்பது முழுப்பக்க ஓவியம். கடைசியில் விதி எங்கே கிடைத்தது தெரியுமா? கப்பல் பராமரிப்புச் செலவு பற்றிய பகுதியில், ஒரு பெட்டிக்குள், நாலே வரி. அதற்குள் ஹெல்மெட் உடைந்தவர் சிப்ஸ் தின்றுகொண்டு போன் பார்க்க ஆரம்பித்துவிட்டார். திகில் ஆட்டமாம்!

இன்னொன்று. ரிவெட் அடிக்கிற துப்பாக்கிக்கு ஆயுதப் பட்டியலில் டேமேஜ் 2டி6, அதாவது ஆறுமுகப் பகடை இரண்டு. புத்தகத்தோடு வந்த தயார் கேரக்டர் ஷீட்டில் 3டி6. மாதிரி ஆட்டம் என்று இரண்டு பக்கம் உரையாடல் கொடுத்திருக்கிறார்கள், அதில் அதே துப்பாக்கியைச் சுடுகிறவர் டி10 உருட்டுகிறார்.

எர்ராட்டா பிடிஎஃப் இருக்கிறது, இல்லாமல் இல்லை. “மூன்றாம் பத்தியின் இரண்டாம் வாக்கியத்துக்குப் பதிலாக இதைப் படிக்கவும்” என்கிற ரகத்தில் பக்கம் பக்கமாக. பழைய வாக்கியத்தில் என்ன கோளாறு, ஏன் மாற்றினார்கள், ஒரு வார்த்தை கிடையாது. விட்டுப்போன கால்புள்ளியும் துப்பாக்கி டேமேஜும் ஒரே வரிசையில், ஒரே எழுத்தில். என்னிடம் இருப்பது முதல் அச்சு. ஒருவர் போனில் புது பிடிஎஃப் வைத்திருக்கிறார். இன்னொருவர் யாரோ தயாரித்த ஆன்லைன் ஷீட்டில் கேரக்டர் போடுகிறார், அதற்குள் எந்தப் பதிப்பின் கணக்கு ஓடுகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

கேள்விகள்: மேஜையில் எதை இறுதியாக வைத்துக்கொள்வது? கேம்பெயின் (பல செஷனாகத் தொடரும் கதை) பாதியில் இருக்கும்போது திருத்தத்தை அமல்படுத்தலாமா? பெரிய நிறுவனங்களின் புத்தகமும் இந்த லட்சணம்தானா, இல்லை என் ராசியா?

நாமக்கல் நெக்ரோமான்சர்:

ப்ரோ, ஜிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) சொல்வதுதான் விதி. மூன்று ரவுண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டியிருந்தால் ஆட்டம் சூடு பிடித்திருக்கும். புத்தகத்தை ஆட்டம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்கு இவ்வளவு டென்ஷன் தேவையா?

மூன்றாம் புரூஃப்:

நெக்ரோமான்சர் சொல்வது அந்த நிமிடத்துக்குச் சரி. ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லித்தான் ஓட்டவேண்டும் என்றால் முந்நூறு பக்கப் புத்தகம் எதற்கு? காசு கொடுத்தது விதிக்குத்தானே.

நான் பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் தலவரலாறு, எது வந்தாலும் பார்ப்பேன். அதனால் இந்த விஷயத்தில் வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ராசி எல்லாம் இல்லை. “பக்கம் 00” ஆர்பிஜி உலகத்தில் பரம்பரை வியாதி. எழுதும்போது எந்த விதி எந்தப் பக்கத்தில் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது; லேஅவுட் முடிந்தபிறகுதான் எண் போடமுடியும். அதுவரை எக்ஸ்எக்ஸ் என்றோ 00 என்றோ இடம் பிடித்து வைப்பார்கள். கடைசி நேர அவசரத்தில் அப்படியே அச்சுக்குப் போய்விடும். தொண்ணூறுகளில் ஒயிட் உல்ஃப் நிறுவனத்தின் புத்தகங்கள் இதற்குப் பேர்போனவை. “பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்க” என்பது ஆடுகிறவர்களுக்குள் ஜோக்காகவே ஆகி, பெல்கிரேன் பிரஸ் என்ற ஆர்பிஜி நிறுவனம் தன் இணைய இதழுக்கு அதையே பெயராக வைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து 1994இல் டிஎஸ்ஆர் (டி அண்ட் டியின் அப்போதைய நிறுவனம்) வெளியிட்ட, மாயப் பொருட்களின் தொகுப்பான என்சைக்ளோபீடியா மேஜிகா முதல் தொகுதி. மேஜ் (மந்திரவாதி) என்று வருகிற இடத்தில் எல்லாம் விசார்ட் என்று மாற்றச் சொல்லி கம்ப்யூட்டரிடம் ஒரே கட்டளையாகக் கொடுத்துவிட்டார்கள். டேமேஜ் என்ற சொல்லுக்கு வால் என்ன? மேஜ். இமேஜுக்கு? அதுவும் மேஜ். அச்சான புத்தகத்தில் வாள் வெட்டினால் “டாவிசார்ட்”, மாயத்தோற்றம் வந்தால் “ஐவிசார்ட்”. இன்றைக்கும் பழைய ஆட்கள் கிண்டலாக டாவிசார்ட் உருட்டுகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், டாவிசார்ட் யாருடைய ஆட்டத்தையும் கெடுக்கவில்லை. பார்த்ததும் சிரிப்பு வரும், அர்த்தம் புரியும், உருட்டிவிட்டுப் போவோம். நான் சொல்லவருவது இதுதான். ரூல்புக் என்பது நாலு பேர் காத்திருக்க, ஒருவர் அவசர அவசரமாகத் தேடுகிற புத்தகம். அதில் எழுத்துப்பிழை மன்னிக்கக்கூடியது. பக்கம் காட்டாத குறிப்பு, திருப்பிவிடுகிற இண்டெக்ஸ், ஒரே விதியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொல்வது, இவைதான் பாவம். எடிட்டிங் மோசம் என்று திட்டும்போது நாம் பெரும்பாலும் எழுத்துப்பிழையைத்தான் படம் எடுத்துப் போடுகிறோம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும், தொழில்புத்தி; ஆனால் அதனால் செஷன் நின்றது கிடையாது.

பெரிய நிறுவனம் என்று கேட்டீர்கள். 2014இல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கை எடுங்கள். உலகமே வாங்கிய புத்தகம். இண்டெக்ஸ் எழுத்து கண்ணாடி போட்டாலும் பொடிதான். அதிலும் பல சொற்களுக்கு எண் கிடையாது, “அதைப் பார்க்க” என்று வேறொரு சொல்லுக்கு அனுப்பும். அந்த வரியை அடித்த இடத்தில் பக்க எண்ணை அடித்திருந்தால் எழுத்தும் மிச்சம்.

அதே புத்தகத்தின் முதல் அச்சில் இருட்டைப் பற்றி ஒரு விதி, பக்கம் 183. கும்மிருட்டு, அடர்ந்த மூடுபனி மாதிரியான இடத்துக்குள் இருக்கிறவர் குருடர் நிலையில் இருப்பதாகக் கணக்கு என்று எழுதியிருந்தது. படிக்கும்போது தப்பாகவே தெரியாது. மேஜையில் வைத்துப் பாருங்கள். நடுராத்திரி, காட்டுக்குள் நம் திருடன் மரத்தடி இருட்டில் பதுங்கியிருக்கிறான். தூரத்தில் கோப்ளின்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கின்றன. எழுதியபடி பார்த்தால் திருடன் இருட்டுக்குள் இருக்கிறான், ஆகவே குருடன், ஆகவே அந்த நெருப்பு அவனுக்குத் தெரியாது! நெருப்பருகே உட்கார்ந்த கோப்ளினுக்கு அந்தத் தடையே இல்லை. 2015இல் வந்த எர்ராட்டா இதைத் திருப்பிப் போட்டது: இருட்டுக்குள் இருக்கும் பொருளைப் பார்க்க முயலும்போதுதான் குருடு. ஒரு வாக்கியம்தான் மாறியது, உலகம் நேரானது.

இந்த மாதிரித் தப்பை என்னைப் போன்ற மெய்ப்புக்காரன் பிடிக்கமாட்டான். வாக்கியத்தில் பிழை இல்லையே. எழுதியவரும் பிடிக்கமாட்டார், அவர் மனசில் சரியான விதி ஏற்கெனவே இருக்கிறது, கண் அதைத்தான் படிக்கும். ஆட்டத்தை முன்பின் தெரியாத ஒருவர், எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடத்திப் பார்த்தால்தான் வெளியே வரும். அதற்குக் காசும் நேரமும் யார் கொடுப்பது? பல புத்தகங்களை வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பல பேர் ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுகிறார்கள். ஆயுத அத்தியாயத்தில் கடைசி வாரம் 3டி6 என்பதை 2டி6 ஆக்கினால், கேரக்டர் ஷீட் போட்டவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் ரிவெட் துப்பாக்கிக் கதை அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும். மாதிரி ஆட்டத்தின் டி10 அதற்கும் முந்தைய ஏதோ ஒரு வரைவின் மிச்சம்.

எதை இறுதியாக வைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எர்ராட்டா என்று ஒரே பெயரில் மூன்று சங்கதிகளைக் கலந்து கொடுக்கிறார்கள், அதுதான் குழப்பம். அச்சுப்பிழை ஒன்று. இருட்டு விதி மாதிரி, நினைத்தது ஒன்று எழுதியது ஒன்று என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாவது, மனசு மாறியது. டி அண்ட் டி நான்காம் பதிப்பு 2008 ஜூனில் வந்தது. ஸ்கில் சேலஞ்ச் (திறமைகளை வைத்துப் பலமுறை உருட்டி ஒரு காரியத்தை முடிப்பது) விதியைச் சில வாரங்களிலேயே மாற்றினார்கள். நாலு வெற்றிக்கு முன் இரண்டு தோல்வி வந்தால் அவுட் என்று இருந்ததை, சேலஞ்ச் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூன்று தோல்விதான் எல்லை என்று ஆக்கினார்கள், இலக்கு எண்களையும் குறைத்தார்கள். இது பிழைதிருத்தம் இல்லை, விற்றபிறகு செய்த டிசைன் வேலை. இந்த ரகத்தை உங்கள் மேஜையில் அது உறுத்துகிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டால் போதும். எது எந்த ரகம் என்று நிறுவனம் சொல்லாது. நீங்கள்தான் பிடிஎஃப்பை ஒருமுறை உட்கார்ந்து படித்துக் குறி போட வேண்டும்.

மந்திரக்கிழவி:

புரூஃப் அண்ணா, மூன்றாவது ரகத்தில் அடிபடுகிறவர்கள் ஆடுகிறவர்கள்தான், அதையும் சொல்லுங்கள்.

நான் டி அண்ட் டியில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுகிறவள். 2017இல் வந்த ஸாநாதர்ஸ் கைடில் ஹீலிங் ஸ்பிரிட் என்று ஒரு ஸ்பெல் (மந்திரம்). ஓர் இடத்தில் ஆவியை நிறுத்துவீர்கள். அதற்குள் நுழைகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு டி6 உயிர் திரும்பும். ஒரு நிமிடம் நிற்கும், அதாவது பத்து ரவுண்டு. சண்டை முடிந்ததும் மொத்தக் கூட்டத்தையும் வரிசையாக உள்ளே விட்டு வெளியே விட்டால் ஆளுக்குப் பத்து டி6. இரண்டாம் நிலை ஸ்பெல்லுக்கு அது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். 2020 எர்ராட்டாவில் மொத்தமே இத்தனை முறைதான் என்று கட்டிவிட்டார்கள்: ஸ்பெல் திறன் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும், குறைந்தது இரண்டு முறை. எங்கள் டிஎம் (டி அண்ட் டியில் ஜிஎம்முக்கு அந்தப் பெயர்) அதைக் கேம்பெயின் நடுவில் கொண்டுவந்தார். கொண்டுவரட்டும். ஆனால் கூடவே, “இதை நம்பி எடுத்த ஸ்பெல்லையும் ஃபீட்டையும் (சிறப்புத் திறமையையும்) மாற்றிக்கொள்” என்று சொன்னார். அதனால் சண்டை வரவில்லை.

பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியில் கிரேன் விங் என்ற ஃபீட்டின் கதை தெரியும்தானே? ஒரு கை காலியாக, தற்காப்பாகச் சண்டை போட்டால் ரவுண்டுக்கு ஓர் அடியைத் தட்டிவிடலாம் என்று இருந்தது. பட்ட அடியையே தட்டிவிடலாம், அதுதான் அழகு. எர்ராட்டா வந்து, எந்த அடியைத் தடுக்கப்போகிறாய் என்று எதிரி உருட்டுவதற்கு முன்பே சொல், அதற்குக் கூடுதலாக நாலு தற்காப்பு என்று ஆக்கியது. அந்த ஒரு ஃபீட்டுக்காகவே லெவல் லெவலாகக் காத்திருந்து கேரக்டர் வளர்த்தவர்கள் எத்தனையோ பேர். பாத்ஃபைண்டர் சொசைட்டி மாதிரி பொது ஆட்டங்களில் ஆடினால் புது விதிதான், பேச்சே கிடையாது. வீட்டு ஆட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை, ஜிஎம் மனசு வைத்தால் போதும்.

ஆகவே வெள்ளிராத்திரி அவர்களே, பாதியில் அமல்படுத்தலாமா என்றால், செய்யலாம். செஷன் நடுவில் வேண்டாம், இரண்டு செஷனுக்கு இடையில் செய்யுங்கள். யாருடைய கேரக்டருக்கு அடி விழுகிறதோ அவரிடம் தனியாகப் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

வெள்ளிராத்திரி ஜிஎம்:

ரொம்ப நன்றி. மூன்று ரகம் என்று பிரித்ததும் தலைவலி பாதி போயிற்று. ஆன்லைன் விஷயத்தை யாரும் தொடவில்லையே? எல்லோரும் அதற்கே போய்விடலாமா என்று குழுவில் ஒரு கட்சி இருக்கிறது. எப்போதும் புதுசாக இருக்கும், தேடினால் கிடைக்கும் என்கிறார்கள். அப்புறம் என் புத்தகம் முதல் அச்சுதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஓட்டைப்பை ரோக்:

தேடுவதற்கு டிஜிட்டலை மிஞ்ச முடியாது, அது உண்மை. பிரச்சினை என்னவென்றால், திருத்தம் தானாக வந்து இறங்கும், நேற்று என்ன இருந்தது என்று காட்டாது. 2021 டிசம்பரில், டி அண்ட் டி புத்தகங்களை டிஜிட்டலாக விற்கும் தளமான டி அண்ட் டி பியாண்டில் வோலோஸ் கைடு என்ற புத்தகத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, அரக்க இனங்கள் பற்றிய சில பத்திகள் எர்ராட்டா என்ற பெயரில் காணாமல் போயின. அந்தப் பத்திகள் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்குள் யாரும் வந்து கத்தரிக்க முடியாது. 2024 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய 2014 ஸ்பெல்களையும் மாயப் பொருட்களையும் கேரக்டர் ஷீட்டில் புதுப் பதிப்பால் மாற்றிவிடுவோம் என்று அறிவித்தார்கள். கிளம்பிய கூச்சலில் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். பிடிஎஃப்பாகத் தருகிற நிறுவனம் என்றால் பழைய கோப்பை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு எது என்று பார்க்க, காப்பிரைட் பக்கத்தில் 9 8 7 6 என்று ஓர் எண் வரிசை இருக்கிறதா பாருங்கள். அதில் மிகச் சிறிய எண் எதுவோ அதுதான் உங்கள் அச்சு. சின்ன நிறுவனங்கள் சில நேரம் இதைப் போடுவதில்லை.

என் பங்குக்கு ஒரு புலம்பல்: நான் ஷேடோரன் என்ற ஆர்பிஜியின் ரசிகன். 2019இல் ஆறாம் பதிப்பு வந்ததும் எர்ராட்டாவும் பின்னாலேயே வந்தது, பிறகு 2021இல் திருத்தங்களைச் சேர்த்து சியாட்டில் பதிப்பு என்று அதே புத்தகத்தை மறுபடி போட்டார்கள். ஜெர்மனியில் பெகாசுஸ் வெளியிடும் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட ஒழுங்காக இருக்கும் என்று ரசிகர்களிடம் பேர் வாங்கியது, அவர்கள் பிழையைத் திருத்தி, கூடுதல் சரக்கும் சேர்த்துத் தருவார்கள். ஜெர்மன் கற்கலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குப்பிறகு எனக்கு ஒரே கொள்கைதான், எந்த ரூல்புக்கும் இரண்டாம் அச்சு வந்தபிறகே.

மூன்றாம் புரூஃப்:

எல்லோரும் இரண்டாம் அச்சுக்குக் காத்திருந்தால் முதல் அச்சை யார் வாங்குவது, ரோக்? கேயோசியம் என்ற ஆர்பிஜி நிறுவனம் செய்கிற முறை எனக்குப் பிடிக்கும். பிடிஎஃப்பை முதலில் விற்பார்கள், வாசகர்கள் கண்டுபிடிக்கிற பிழைகளைச் சேகரிப்பார்கள், திருத்திவிட்டு அப்புறம் அச்சுக்கு அனுப்புவார்கள். பிடிஎஃப் வாங்கிய காசை அச்சுப் புத்தக விலையில் கழித்துக்கொள்ளலாம். வாசகரைச் சம்பளம் இல்லாத புரூஃப் ரீடர் ஆக்குகிறார்கள் என்று என் தொழில் சார்பில் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. இருந்தாலும் எண்ணூறு கிராம் புத்தகத்தில் பக்கம் 00 வருவதைவிட இது மேல்.

வடிவமைப்பில் நல்ல உதாரணம் வேண்டும் என்றால் 2019இல் வந்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு விஷயம் திறந்த இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும், பக்கத்தைத் திருப்ப வேண்டியதே இல்லை. விதிகள் எண்பதுகளின் பழைய டி அண்ட் டிதான், புதிதாக ஒன்றும் இல்லை. எடிட்டிங்கையே சரக்காக விற்ற புத்தகம் அது.

நாமக்கல் நெக்ரோமான்சர்:

சரி, நான் தோற்றேன். ஆனால் ஒரு சந்தேகம். திருத்தத்தைப் புத்தகத்திலேயே எழுதிவிடலாமா? முதல் அச்சில் பேனா வைக்க எனக்குக் கை நடுங்கும்.

மூன்றாம் புரூஃப்:

பேனா வேண்டாம், அடுத்த எர்ராட்டாவில் அதையே திரும்ப மாற்றுவார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பென்சில் பிடிக்காது, கை பட்டாலே அழியும். மஞ்சள் ஒட்டுத்தாளை வருஷக்கணக்கில் விட்டால் பசை தங்கிவிடும், சில அச்சில் மையையும் உரித்துக்கொண்டு வரும். நான் செய்வது: திருத்தத்தைச் சின்ன எழுத்தில் அச்சிட்டு, துண்டாக வெட்டி, அந்தப் பக்கத்தின் நடு மடிப்பில் பசை இல்லாமல் செருகிவிடுவேன். துண்டின் தலைப்பில் எர்ராட்டாவின் தேதி. புது எர்ராட்டா வந்தால் பழைய துண்டை உருவிவிட்டுப் புதியது.

வெள்ளிராத்திரி, உங்களுக்கு அவசரம் இண்டெக்ஸ்தான். முழுசாகப் போட உட்காராதீர்கள். மேஜையில் தேடித் தவித்த சொல்லை மட்டும், பக்க எண்ணோடு, ஜிஎம் ஸ்க்ரீனின் (ஜிஎம் முன்னால் நிறுத்தும் மறைப்பு அட்டையின்) உள்பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூச்சு, ரிவெட் துப்பாக்கி, கதவை உடைப்பது, இப்படி. நிறுவனத்துக்கும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள். மரியாதையாகப் பதில் போடுகிறவர்கள் என்றீர்களே, அடுத்த அச்சில் சேர்த்தாலும் சேர்ப்பார்கள்.